தப்பொலியும் மின்னொலியும்

மாசி மகத்தையொட்டி மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் நடைபெறும் தேர்த் திருவிழாவை ஒருமுறை பார்த்தவர்கள், கண்ணாற் கண்டதைக் காட்டிலும் காதாற் கேட்டதையே நெடுநாள் நினைவில் வைத்திருப்பார்கள். ஐந்து தேர்களும் வீதிக்கு வருமுன்னரே தவிலொலி வந்துவிடுகிறது. முதலில் அது கடைத்தெருவின் மறுகோடியில், யாரோ கதவைத் தட்டுவது போல மெல்லக் கேட்கிறது. பின்னர் நாகசுரம் அதன்மேல் ஏறுகிறது. வரவரப் பெருகி, தேர் நம்மைக் கடக்கும் வேளையில் தவிலின் அடி நெஞ்சக் கூட்டிலேயே விழுகிறது. தேர் திருப்பத்தை அடைந்ததும் தவில் தேய்ந்து, நாகசுரத்தின் ஓரிழை மட்டும் காற்றில் எஞ்சுகிறது. 108 அடி உயரமான அந்தக் கோபுரத்தின் அடியில் நிற்பவனுக்கு, ஒலி என்பது நடந்து வந்து நடந்து போகும் ஓர் உயிர் என்று தோன்றும்.

இந்த ஏற்றமும் இறக்கமுமே இன்றைய பேச்சின் பொருள். மின் வாத்தியங்களைக் கொண்டு அமைத்து, ஒரே மூச்சில் நேரடியாக வாசித்துப் பதிவு செய்யும் இசையில் இவ்வுயிர் ஏன் குன்றிவிடுகிறது? அதனை மீட்க முற்பட்டவர்கள் யாவர்? எவ்வகையால் முற்பட்டனர்?

சில ஆண்டுகளுக்கு முன்னர், மாத்தளைக்கு அண்மையில் ஒரு தோட்டத்து வாசகசாலை மண்டபத்தில் நான் கண்ட ஒரு நிகழ்ச்சியே என்னை இக்கேள்விக்கு இழுத்துச் சென்றது. இளைஞர் நால்வர் கூடியிருந்தனர். இருவரிடம் கீபோர்ட், ஒருவனிடம் விரலால் தட்டினால் முரசொலி எழுப்பும் சிறு பலகை, நான்காமவன் மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்தான். ஐந்தாமவர் ஒரு முதியவர், கையில் தப்பு. தோட்டத்துப் பழைய பாட்டுக்கள் சிலவற்றை மின் வாத்தியங்களுக்கென அமைத்து, வெட்டி ஒட்டாமல் ஒருமிக்க வாசித்துப் பதிவு செய்வது அவர்கள் எண்ணம். முதியவர் மண்டபத்தின் வெளியே வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சி வந்தார். வாசித்தார்கள். நன்றாகவே வாசித்தார்கள். மண்டபம் அதிர்ந்தது. பின்னர் பதிவைப் போட்டுக் கேட்டபோது எல்லாம் தெளிவாகக் கேட்டது, எதுவும் அசையவில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கனம். முதியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், “தம்பி, என் தப்புச் சத்தம் கேக்குது. அடி கேக்கலியே!” என்றார்.

இதனைவிடச் சுருக்கமாக அக்குறையைச் சொல்ல இயலாது.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். நம் பழைய இசை நூல்களில் வலிவு, மெலிவு, சமன் என்னும் மூன்று சொற்கள் வருகின்றன. வலிவு என்றால் உரத்த ஒலி, மெலிவு என்றால் தணிந்த ஒலி என எண்ணிவிடலாகாது. அவை தானங்கள், வடமொழியாளர் தாரம், மந்தரம், மத்தியமம் என்பவை. சுருதியின் உயர்வு தாழ்வையே அவை குறிக்கின்றன. ஒலியின் பருமைக்கும் நுண்மைக்கும் அவ்வாறு வரையறுத்த வழக்கு நம்மிடம் ஊன்றவில்லை; அது பாடுவோர் நெஞ்சுக்கும் வாசிப்போர் கைக்கும் விடப்பட்டது. மேல்நாட்டார் தம் இசைக் குறிப்புத் தாளில் இவ்விடம் மெல்ல, இவ்விடம் உரக்க என எழுத்திட்டு வைத்தனர். நாம் எழுதி வைக்கவில்லை. ஆதலின் கை மறந்தால் கலை மறந்தது. இது நினைவில் இருக்கட்டும்.

கை ஒன்றை மறக்கும் முன்னரே பொறி அதனை மறந்தது என்பது வரலாறு. எடிசன் 1877 ஆம் ஆண்டு பேசும் பொறியைச் செய்தார். அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு, பாடகர்கள் ஒரு புனலின் வாயிலே பாடினர். உரக்கப் பாடும்போது பின்னே சாய்வதும், தணிந்து பாடும்போது முன்னே நீள்வதும் அவர்கள் கற்றுக்கொண்ட வித்தை. 1925 இல் மின்சார ஒலிவாங்கி பதிவுக்கு வந்தபின் நிலைமை மேம்பட்டது. எனினும் அரக்கு இசைத்தட்டு ஒன்றிலே மிகத் தணிந்த ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 30 முதல் 40 டெசிபெல் வரையே இடமிருந்தது. டெசிபெல் என்பது ஒலியளவின் படி. 10 டெசிபெல் ஏறினால் ஒலி இருமடங்கு உரத்ததாக நம் செவிக்குத் தோன்றும். பெரிய வாத்தியக் குழுவொன்று அரங்கிலே 70 டெசிபெல் வரை ஏறி இறங்கக் கூடியது. தட்டிலோ அதன் பாதியே கொள்ளும். தணிந்த ஒலி ஊசியின் உரசலிலே மூழ்கும். உரத்த ஒலி பள்ளத்தைக் கிழிக்கும். எனவே தணிந்ததை உயர்த்தியும் உயர்ந்ததைத் தணித்தும் நடுவே ஓட்டவேண்டியதாயிற்று.

இலங்கையில் 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. அதற்கு வித்திட்டவர் தந்தி இலாகாவின் தலைமைப் பொறியியலாளராயிருந்த எட்வர்ட் ஹார்ப்பர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944 இல், மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் கண்டிக்கு வந்தது. மாத்தளையிலிருந்து 16 மைல். படைவீரர்களுக்கென நிறுவப்பட்ட வானொலி, போரின் பின் நாட்டின் கைக்கு மாறி, 1949 இல் ‘ரேடியோ சிலோன்’ ஆயிற்று. அதன் தமிழ்ச் சேவையைத் தமிழ்நாட்டிலும் செவிமடுத்த காலம் ஒன்றிருந்தது. 1967 இல் அது கூட்டுத்தாபனமாயிற்று. அங்கே பணிபுரிந்த சோ. சிவபாதசுந்தரம் ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூலையே தமிழில் எழுதியளித்தார்.

வானொலி நிலையத்தில் ஒலியை அமுக்கி அனுப்பினார்கள் என்று குறை கூறுவது இன்று எளிது. நான் அக்குறையைக் கூறமாட்டேன். மலைச்சரிவிலுள்ள ஒரு தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு லயக் காம்பிராவில் ஒரு சிறு வானொலிப் பெட்டி, வெளியே மழை, வானில் இடி, பெட்டிக்குள்ளே இரைச்சல். பாடகர் மெல்ல இழைத்த நுண்ணிய சங்கதி அங்கே எப்படிப் போய்ச் சேரும்? ஒலிபரப்பு நிலையத்தின் பொறியியலாளர் கட்டுப்பாட்டுக் குமிழில் விரல் வைத்து, தணியும்போது ஏற்றியும் ஏறும்போது இறக்கியும் அனுப்பியதாலேயே அந்தப் பாட்டு லயத்தை அடைந்தது. பின்னர் அந்த விரலின் வேலையைக் கம்பிரஸர் என்னும் அமுக்கு கருவி தானே செய்யலாயிற்று. கேட்போன்மீது கொண்ட கருணையாற் பிறந்த கருவி அது. கருணை வழக்கமாகி, வழக்கம் வெறியாகியது பிற்காலத்துக் கதை.

லயம் என்ற சொல்லைப் பாருங்கள். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய வீடுகளுக்கு ஆங்கிலச் சொல் திரிந்து லயம் ஆயிற்று. இசையில் அது தாளத்தின் ஒழுங்கு. இருவகை லயத்தையும் ஒருசேர ஆண்ட வாத்தியம் தப்பு.

1815 இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தபின், மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் தோன்றின; தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் அழைத்து வரப்பட்டனர். பலர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். பசியாலும் கொள்ளை நோயாலும் வழியிலே மாண்டவர் பலர். நடந்து பிழைத்தவர்களுக்கு மாத்தளை மலைநாட்டின் வாயில். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகைவண்டிப் பாதை வந்தது 1880 இலேதான். அம்மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவதை நினைவுகூர்ந்து, 2023 ஆம் ஆண்டு ஜூலை 28 ஆம் நாள் தலைமன்னாரிற் புறப்பட்ட நடைபயணம் 16 நாள் நடந்து, ஆகஸ்ட் 12 ஆம் நாள் முடிவுற்ற இடமும் மாத்தளையே.

வந்தவர்கள் தம்மோடு கொணர்ந்தவற்றில் மாரியம்மனும் ஒன்று, காமன் கூத்தும் ஒன்று, தப்பும் ஒன்று. தோட்டத்தில் விடியுமுன் தப்படித்துத் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக் களத்திற்கு அழைத்தனர். அதே தப்பு திருவிழாவிற்கு வேறாகப் பேசியது. கூத்துக்கு வேறாகப் பேசியது. இழவு வீட்டிலே வேறாகப் பேசியது. தோட்டத்திற் பிறந்தவனுக்கு மலையின் மறுபக்கத்திலிருந்து வரும் அடியைக் கேட்டே அங்கே என்ன நடக்கிறதென்று தெரியும். தடித்த குச்சி ஒரு கையில், மெல்லிய நீண்ட குச்சி மறு கையில். தடித்தது பேசும், மெல்லியது கூடவே முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்பு இருக்கும்வரையே பேச்சுக்குப் பொருள் உண்டு.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். தப்படிப்பது ஒரு சாதியார் தலையிற் சுமத்தப்பட்ட தொழிலாகவும் இருந்தது. அதனால் அக்குடும்பங்களிற் பிறந்த இளைஞர் பலர் அதனைத் தொடவே மறுத்தனர். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. கீபோர்ட் வந்தபோது அதன்மேல் எந்தச் சாதியும் எழுதப்பட்டிருக்கவில்லை. கடையில் வாங்கலாம், யாரும் தொடலாம். மின்னிசை தோட்டங்களில் விரைந்து பரவியதற்கு மலிவு மட்டும் காரணமன்று. அந்த மண்டபத்தில் முதியவரும் இளைஞரும் ஒன்றாக அமர்ந்து வாசித்ததன் அருமை இதனை எண்ணினாலே விளங்கும். அப்பதிவில் தப்பின் அடி கேட்காமற் போனது வெறும் தொழில்நுட்பக் குறையென்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

இனி மின் வாத்தியங்களின் பக்கம் திரும்புவோம். அவற்றைப் படைத்த முதல்வர்கள் ஒலியின் ஏற்றத் தாழ்வை மறந்தவர்கள் அல்லர். ருசிய நாட்டுத் தெரமின் 1920 அளவில் அமைத்த வாத்தியத்தை யாரும் தொடுவதில்லை. அதன் அருகே கையை அசைத்தாலே இசைக்கும். வலக்கை சுருதியை ஆள, இடக்கை ஒலியின் பருமையை ஆளும். ஒரு கை முழுவதையும் அவர் இதற்கே ஒதுக்கினார் என்பதைக் கவனிக்க வேண்டும். பிரான்சில் மார்த்தனோ 1928 இல் அரங்கேற்றிய வாத்தியத்திலும் இடக்கைக்கு ஓர் அழுத்துகட்டை. எவ்வளவு அழுத்தினால் அவ்வளவு ஒலி. வில்லேந்தி வாசிப்பவனுடைய கையுணர்ச்சியை மின்சாரத்திற்கு ஊட்ட அவர் விரும்பினார்.

1935 இல் ஹாமண்ட் ஓர்கன் சந்தைக்கு வந்தது. அதன் கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே ஒலி. அதற்கு ஈடாகக் காலுக்கொரு மிதி வைத்தனர். 1947 இல் தோன்றிய கிளாவியோலின் என்னும் சிறு கருவிக்கு முழங்காலால் தள்ளும் ஒரு நெம்புகோல். இக்கருவியை நம்மவர் பெயரால் அறியார், ஒலியால் நன்கறிவர். 1954 இல் வெளிவந்த ‘நாகின்’ என்னும் இந்திப் படத்தில் பாம்பாட்டியின் மகுடியாக ஒலித்தது இதுவே. வாசித்தவர் பின்னர் இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற கல்யாண்ஜி. கேட்டவர்கள் உண்மையான மகுடியென்றே நம்பினர். முழங்காலும் விரலும் சேர்ந்து வாசித்ததால் விளைந்த நம்பிக்கை அது.

இவ்விடத்தில் ஆர்மோனியத்தையும் நினைவு கூரலாம். அகில இந்திய வானொலி 1940 இல் அதனைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. 1971 இல்தான் தடை தளர்ந்தது. அது கமகத்தைக் கொல்கிறது என்பதே பெருங் குற்றச்சாட்டு. ஆயினும் ஆர்மோனியத்திற்கு ஒரு துருத்தி இருந்தது. துருத்தியை அழுத்தும் கை, மூச்சுப் போல ஒலியைப் பெருக்கவும் சுருக்கவும் வல்லது. ஆர்மோனியத்தை வெறுத்தவர்கள், அதன்பின் வந்த துருத்தியில்லாத கட்டைகளைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

1964 இல் அமெரிக்காவில் மூக் என்பவர் சிந்தசைசரை அமைத்தார். கட்டையில் கை வைத்ததும் ஒலி எவ்வளவு விரைவில் எழவேண்டும், எவ்வளவு தணியவேண்டும், எதுவரை நிற்கவேண்டும், கையெடுத்தபின் எப்படி மறையவேண்டும் என்னும் உருவரையை முன்கூட்டியே குமிழ்களால் அமைக்கலாம். அதைவிட முக்கியமானது அதன் வடிகட்டி. இதனைச் சிறிது விளக்கவேண்டும். ஏனெனில் மாத்தளை மண்டபத்துப் பதிவு செத்துப் போனதற்குரிய முதற் காரணம் இங்கேதான் இருக்கிறது.

தப்பை மெல்லத் தட்டினால் ஒலி சிறிதாக இருப்பதோடு மங்கலாகவும் இருக்கும். ஓங்கி அடித்தால் பெரிதாவதோடு பளிச்சென்றும் இருக்கும். தவிலும் அப்படியே, குரலும் அப்படியே. பருமை கூடும்போது ஒலியின் நிறமும் மாறுகிறது. நம் செவி பருமையை நிறத்தைக்கொண்டே பெரும்பாலும் அறிகிறது. அதனாலேதான் வானொலியின் குமிழைத் தாழ்த்தி வைத்தாலும், உள்ளே பாடுபவர் கத்திப் பாடுகிறார் என்பது நமக்குத் தெரிகிறது. மின் வாத்தியத்தில் குமிழை ஏற்றினால் பருமை மட்டுமே கூடும். நிறம் அப்படியே நிற்கும். செவி ஏமாறுவதில்லை. ஆகையால் ஒலியைப் பெருக்கும்போதே வடிகட்டியையும் திறந்து, பளிச்சிடும் மேல்ஒலிகளை வெளியே விடவேண்டும், தணிக்கும்போது மூடவேண்டும். மூக் அமைத்த கருவியில் இவ்விரண்டையும் ஒன்றோடொன்று பிணைக்கலாம்.

அக்கருவி ஒன்று 1969 இல் இந்தியாவுக்கே வந்தது. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அதனை நிறுவ உதவியவர் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர். கீதா சாராபாய் முதலியோர் அங்கே பதிவு செய்த நாடாக்கள் பல்லாண்டு பெட்டியில் உறங்கிக் கிடந்து, அண்மைக் காலத்தில் கண்டெடுக்கப்பட்டு 2023 இல் இசைத்தட்டாகவும் வெளிவந்தன. நம் பகுதியில் மின்னிசை சினிமாவோடுதான் வந்தது என நெடுநாள் எண்ணியிருந்த எனக்கு அச்செய்தி வியப்பளித்தது.

மாத்தளை மாவட்டத்திற்கு மின்னிசையுலகோடு வெளிப்படையான தொடர்பு ஒன்றும் உண்டு. 1982 இல் டுரான் டுரான் என்னும் ஆங்கில இசைக்குழுவினர் இலங்கைக்கு வந்து, ‘சேவ் எ பிரேயர்’ என்ற பாட்டின் படத்தைச் சிகிரியாக் குன்றின்மேல் எடுத்தனர். இயக்கியவர் ரசல் முல்கேஹி. காசியப்பன் கோட்டையின் இடிபாடுகளுக்கு மேலே ஹெலிகொப்டர் சுற்றிச் சுற்றி எடுத்த காட்சிகள் உலகெங்கும் தொலைக்காட்சியில் ஓடின. பாட்டு முன்னமே இலண்டனிற் பதிவாகியிருந்தது. குன்றின் காற்றும் அமைதியும் அதிற் சிறிதும் இல்லை. எனினும் அப்பாட்டு கற்பதற்குரியது. நிக் ரோட்ஸ் வாசித்த சிந்தசைசரின் சிறு சுழல் ஒன்று தனியே தொடங்குகிறது. முரசும் கிதாரும் மனிதர் கையால் வாசிக்கப்பட்டவை. பொறியின் மாறாத சுழலும் மனிதரின் மாறும் கையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அதே ஆண்டின் இறுதியில் ஜப்பானில் குறுந்தட்டு விற்பனைக்கு வந்தது. 96 டெசிபெல் இடம்! அரக்குத் தட்டுக் காலத்தார் கனவிலும் காணாதது.

1983 இல் மிடி என்னும் பொதுமொழி பிறந்தது. எந்தக் கம்பெனியின் வாத்தியமும் எந்தக் கம்பெனியின் பொறியோடும் பேசலாயிற்று. கட்டையை எவ்வளவு விரைந்து அழுத்தினோம் என்பதை 127 படிகளில் அது எழுதிக்கொள்ளும். பழைய இசை நூலார் எழுதி வைக்காததை எண்ணாகவே எழுதி வைக்கும் வசதி! தமிழ்த் திரையிலும் மாற்றம் விரைந்து வந்தது. 1986 இல் ‘புன்னகை மன்னன்’ படத்திற்கு இளையராஜா கணினி வழி இசையைப் பயன்படுத்தினார். 1992 இல் ‘ரோஜா’ வந்தது. அதன்பின் இலங்கையின் திருமண மண்டபமும் திருவிழா மேடையும் கீபோர்ட் இல்லாமல் இயங்கவில்லை.

இவ்வளவு இடம் கிடைத்தபின் இசை தாராளமாக ஏறி இறங்கியிருக்க வேண்டுமல்லவா? நடந்தது நேர்மாறு. 1990களில், பக்கத்துப் பாட்டைவிட என் பாட்டு உரக்கக் கேட்கவேண்டும் என்ற போட்டி உலகெங்கும் மூண்டது. அமுக்கு கருவியால் உச்சிகளைச் சீவி, எஞ்சியதை எல்லைவரை உயர்த்தினர். 96 டெசிபெல் மாளிகையின் மேல்மாடத்து ஒரு மூலையிலே எல்லோரும் நெருக்கியடித்து நின்றனர். ஒலிபரப்பாளர்களே முதலிற் சலித்தனர். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006 இல் உரப்பை அளக்கும் ஒரு முறையை வகுத்தது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010 இல் சராசரி உரப்புக்கு ஓர் அளவை விதித்தது. பின்னர் இணையவழி இசைச் சேவைகளும் பாட்டுக்களைச் சம உரப்பிற்குக் கொணரத் தொடங்கின. உச்சியைச் சீவி உயர்த்தியவனுக்கு இப்போது இலாபம் குறைவு. தாழ்த்தி ஒலிக்கும்போது அவன் பாட்டு தட்டையாகவே கேட்கும்.

மீண்டும் மண்டபத்திற்கு வருவோம். அவ்விளைஞர்கள் என்ன செய்திருந்தார்கள்? கீபோர்ட் வாசித்த இருவரும் தொடக்கம் முதலே இரு கைகளாலும் நீண்ட சுரங்களை அழுத்திப் பிடித்திருந்தனர். தப்பின் ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடையே உள்ள வெற்றிடத்தை அந்நீண்ட சுரங்கள் பஞ்சுபோல் அடைத்துவிட்டன. இடைவெளி இல்லாத இடத்தில் அடி எப்படிக் கேட்கும்? அடுத்து, நால்வரும் காதிலே பொறியின் கிளிக் ஒலியைக் கேட்டு வாசித்தனர். முதியவருக்கு அது கொடுக்கப்படவில்லை. அவர் உருக்கமான இடத்தில் சற்றுத் தாமதித்தார், எழுச்சியான இடத்தில் சற்று முந்தினார், அவர்கள் அசையவில்லை. மூன்றாவது, கணினியின் முன் இருந்தவன் அச்சத்தினால் எல்லாவற்றின் மேலும் கம்பிரஸரை இட்டிருந்தான். தப்பின் அடி எழும் உச்சி ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கே நிற்பது. அது சராசரி ஒலியைவிட 15, 20 டெசிபெல் மேலே பாயும். அந்த உச்சியைத்தான் கருவி முதலில் விழுங்கியது. சத்தம் எஞ்சியது, அடி போயிற்று. முதியவரின் தீர்ப்பு எழுத்துக்கு எழுத்துச் சரி.

இரண்டாம் பதிவுக்கு அவர்கள் இரு கிழமை எடுத்துக்கொண்டனர். நான் கூறிய யோசனை ஒன்றிரண்டு. பெரும்பாலானவற்றை அவர்களே கண்டனர். கிளிக்கை நிறுத்தி, தப்பைப் பார்த்து வாசித்தார்கள். முதியவர் நடுவில் அமர, மற்றவர்கள் அவர் தோளின் அசைவு தெரியும்படி சுற்றி உட்கார்ந்தனர். ஒரு கீபோர்டுக்குக் கால்மிதியைப் பூட்டி, மிதி ஏறும்போது வடிகட்டியும் திறக்குமாறு பிணைத்தனர். மற்றவன், “நான் எப்ப வாசிக்கணும் தாத்தா?” என்று கேட்டான். “நான் தலையாட்டுற வரைக்கும் சும்மா இரு தம்பி” என்றார் முதியவர். பாட்டின் மூன்றிலொரு பகுதிவரை அவன் கட்டையையே தொடவில்லை. மந்தர சுரங்கள் அதன் பின்னரே புகுந்தன. அவை புகுந்தபோது மண்டபத்தின் தரை கீழிறங்கியது போலிருந்தது. குமிழை யாரும் ஏற்றவில்லை. இல்லாதிருந்தது வந்தது, அவ்வளவே.

பதிவின் அளவைத் தாழ்த்தி வைத்தனர். உச்சிகள் எல்லைக்கு 12 டெசிபெல் கீழே நின்றன. தப்பு எகிறும்போது எகிறுவதற்கு இடமிருந்தது. முன்னர் கீபோர்டுகளைக் கம்பி வழியே நேராகக் கணினிக்குள் செலுத்தியிருந்தனர். இம்முறை ஒலிபெருக்கியிலே ஒலிக்கவிட்டு, மண்டபத்தின் கோடியில் ஒலிவாங்கி ஒன்றையும் வைத்தனர். மின்னொலியும் தோலொலியும் ஒரே காற்றிலே கலந்து, ஒரே சுவரில் மோதித் திரும்பின. கம்பிரஸரை முற்றாக விலக்கவில்லை; இறுதியில் இரண்டு மூன்று டெசிபெல் அளவே பயன்படுத்தினர். வானொலியிலும் கைத்தொலைபேசியிலும் கேட்பவனை மறக்கலாகாது என்று நான் சொன்னதை அவர்கள் ஏற்றனர்.

இரண்டாம் பதிவில் குறையில்லை என்று சொல்லமாட்டேன். மண்டபக் கூரைத் தகரத்தில் மழைத்துளி விழுந்த ஒலி ஓரிடத்தில் கேட்கிறது. ஒருவன் மிதியைத் தவறவிட்ட இடமும் தெரிகிறது. பதிவைப் போட்டபோது முதியவர் கண்ணை மூடிக் கேட்டார். பாட்டு நடுவே ஓரிடத்தில் எல்லா வாத்தியமும் நின்று, மெல்லிய குச்சியின் முணுமுணுப்பு மட்டும் கேட்கும். அவ்விடத்தில் அவருடைய இடக்கை விரல்கள் தம்மையறியாமல் முழங்காலின்மேல் அசையத் தொடங்கின. பதிவு முடிந்ததும், “இன்னொரு வாட்டி போடு” என்றார். அந்தக் குச்சியை எப்படிப் பிடிப்பதென்று கீபோர்ட் வாசித்த பையன் கேட்கவே, தப்பை அவன் மடிமீது வைத்தார்.